உள்ளிருந்து போட்ட ஒட்டு

கப்பலைப் பார்க்க நாங்கள் போன அன்று நல்ல வெயில். தை மாதம் என்பதால் கடல் குளம்போலக் கிடந்தது. குளச்சலிலிருந்து கிழக்கே கரையோரமாக நடந்தால் பாறைகள் தலை நீட்டும் ஓரிடம் வரும். அங்கேதான் அது ஒருபக்கம் சாய்ந்து நின்றது. முந்தின ஆனி மழையில் பாறைமேல் ஏறி மாட்டிக்கொண்ட சரக்குக் கப்பல். அதிலிருந்த ஆட்கள் படகில் கரைசேர்ந்து, யாரிடமும் அதிகம் பேசாமல் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டார்கள். கோட்டாற்றில் பழைய இரும்பு வியாபாரம் பார்த்த சுயம்புலிங்கம் முதலாளி அதை ஏலத்தில் எடுத்தார். பாறைகளின் மேல் பனந்தடிகளைப் போட்டுக் கப்பல்வரை ஒரு பாலமும் கட்டிவிட்டார். கடல் வற்றும் நேரத்தில் கால் நனையாமல் போய்வரலாம்.

உடைக்கும் வேலை ரசலையனுக்கு. நான் அவனுக்குக் கையாள். என் பெயர் ஞானதாசன். அவன் என்னைவிட இரண்டு வயது இளையவன், ஒரே சபை, ஒரே தெரு. ஆனாலும் வேலையிடத்தில் நான் அவனை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் கையைப் பார்த்தவர்கள் யாரும் வேறு மாதிரி கூப்பிட மாட்டார்கள்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப்பத்தில் எங்கள் பக்கத்தில் கேஸ் வெல்டிங், எங்கள் பேச்சில் ஒட்டு, தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ரசலையனும் அவன் அண்ணன் சத்தியநேசனும் கொழும்புத் துறைமுகப் பட்டறையில் அதைக் கற்றுக்கொண்டவர்கள். பஸ்ஸின் அடிச்சட்டம் முறிந்தாலும், நெல்லு மில்லின் குழாய் வெடித்தாலும் இரணியல் பக்கம் ஆள் தேடி வருவார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் திருநெல்வேலி ரயிலடியில் இறங்கி, மாட்டுவண்டியில் ஆரல்வாய்மொழி தாண்டி வரும். கார்பைடு கல்லை டிரம்மில் போட்டுத் தண்ணீர் விடுவது என் வேலை. அழுகின பூண்டு மாதிரி ஒரு நாற்றம் எழும். என் சட்டையிலிருந்து அது எந்தச் சோப்புக்கும் போனதில்லை.

ரசலையன் பித்தளைக் குழலைப் பற்றவைத்ததும் முதலில் மஞ்சள் தீ புகைவிட்டு ஆடும். பிறகு ஆக்சிஜன் திருகைப் பைய பையத் திறப்பான். தீ சுருங்கி, நுனியில் நெல்மணி அளவுக்கு ஒரு நீலம் நிற்கும். கண்ணால் மட்டுமல்ல, காதாலும் பார்ப்பான். சீறல் சத்தம் சரியாக வந்ததும்தான் இரும்பின்மேல் வைப்பான். இரும்பு கொல்லாம்பழத்தின் செம்மஞ்சள் நிறத்துக்கு வந்ததும் குழலிலுள்ள அறுப்புப் பிடியை அழுத்துவான். அவ்வளவுதான். அரை விரல் கனத் தகடு துணிபோலக் கிழிந்துகொண்டு போகும்.

மாசி பாதிவரை மேல்தட்டில் வேலை நடந்தது. பிறகு கீழே இறங்கினோம்.

கீழே பகல் கிடையாது. என் கையிலிருந்த அரிக்கேன் விளக்கு எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவுதான் உலகம். இயந்திர அறைக்குப் பின்னால், கப்பலின் அடிவயிற்றில், இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கதவு இருந்தது. ரசலையன் அதன் ஓரத்தை விரலால் தடவினான். மறுபடியும் தடவினான்.

"விளக்கை இப்படிக் கொண்டா."

"என்ன மேஸ்திரி?"

"கப்பல் முழுக்க ரிவிட்டு ஆணி. இந்தக் கதவுல மட்டும் ஒட்டு."

நான் குனிந்து பார்த்தேன். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே இடுக்கே இல்லை. இடுக்கு இருந்திருக்க வேண்டிய இடத்தில் மெழுகு சொட்டி உறைந்தது போலச் சின்னச் சின்ன இரும்பு மணிகள் வரிசையாகப் பிதுங்கி நின்றன.

"இது ஒட்டுக்கு முதுகாக்கும்," என்றான் ரசலையன். "ஒட்டுப் போடுற பக்கத்துல மீன் செதிள் மாதிரி மடிப்பு விழும். மறுபக்கத்துல இந்த மாதிரி சொட்டு. ஒட்டுக்கு முகம் உள்ள இருக்கு."

"அப்படின்னா?"

"உள்ள நின்னு அடச்சிருக்கான்."

"அடச்சவன் பின்ன எப்படி வெளிய வந்தான்?"

அவன் என் கையிலிருந்து விளக்கை வாங்கிக்கொண்டு கதவுக்குப் பின்னாலிருந்த அறையை வெளியே சுற்றிவந்து பார்த்தான். மூன்று பக்கம் தகடு. நாலாவது பக்கம் கப்பலின் சுவர், அதற்கப்பால் கடல். வேறு வழி கிடையாது.

முதலாளியிடம் சொன்னோம். அவர் கரையில் குடைக்குக் கீழே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "வெறும் தொட்டின்னுதான் கப்பல்காரன் சொன்னான். உள்ள நின்னு அடச்சா என்ன, வெளிய நின்னு அடச்சா என்ன? அறுத்துப் போடும், ஓய்," என்றார்.

மூடிக்கிடக்கும் எதையும் ஒரேயடியாக அறுக்கக் கூடாது என்பது ரசலையனின் பழக்கம். உள்ளே எண்ணெய் ஆவி நின்றால் தீப்பிடித்து வெடித்து ஆளோடு போய்விடும். அதனால் கதவின் மேல்மூலையில் கை நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு துளை போட்டான். அறுத்த துண்டு உள்ளே விழுந்து ஒலித்தது. என் விளக்கின் சுடர் துளையை நோக்கிச் சாய்ந்தது. உள்ளே காற்று இழுபட்டது.

பிறகு உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. அழுகல் இல்லை, எலி இல்லை, கடலின் உப்பும் இல்லை.

அப்போதுதான் ஒட்டுப் போட்டு முடித்த இரும்பின் வாடை.

துளையின் ஓரம் ஆறும்வரை காத்திருந்து, ரசலையன் கையை முழங்கைவரை உள்ளே விட்டான். கதவின் உட்பக்கத்து ஒட்டை விரலால் தேடிப் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டு தடவிக்கொண்டே போனான். விரல் ஓரிடத்தில் நின்றது. அங்கேயே வெகுநேரம் நின்றது. அவன் முகத்தில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி?"

"சூடா இருக்கு," என்றான்.

"நீ இப்ப அறுத்த சூடு."

"அது இந்த மூலைல. இது அந்த ஓரம்." கையை வெளியே எடுத்து நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டான். "இடதுகைக்காரன் போட்ட ஒட்டு. மடிப்பு எல்லாம் எதிர்ப்பக்கம் சாஞ்சு கெடக்கு. ஒவ்வொரு ஒட்டுக்கம்பி முடியற எடத்துலயும் தீயைப் பின்னால இழுத்து ஒரு வால் விட்டிருக்கான். அது அண்ணன் கையாக்கும்."

சத்தியநேசன் ஆறு வருஷத்துக்கு முன் கொழும்பில் ஏதோ ஒரு கப்பலில் பழுதுவேலைக்கு ஏறினான். பினாங்கில் பார்த்ததாக ஒரு மாலுமி சொன்னான். அதோடு சரி. பெண்டாட்டி செல்லபாய் அன்றிலிருந்து கொழுந்தன் ரசலையன் வீட்டில்தான் இருந்தாள். அவளை ஒரு கல்யாணத்துக்கு அழைப்பதா வேண்டாமா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அவளும் எங்கும் போவதில்லை. யாரும் அவள் வீட்டுக்கு வருவதுமில்லை.

ரசலையன் துளையில் வாய் வைத்தான்.

"அண்ணே."

"அண்ணே," என்றது உள்ளே.

இரும்பு அறையில் எதிரொலி கேட்பது புதிதில்லை. நாங்கள் இருவரும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அந்தக் குரல் சத்தியநேசன் குரல். நான் அவனோடு ஞாயிறு பள்ளியில் படித்தவன், எனக்குத் தெரியும். ரசலையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். சாமான்களை எடுத்துக்கொண்டு ஏணிப் பக்கம் நகர்ந்தோம். அவன் வாயே திறக்கவில்லை.

"அண்ணே," என்றது, எங்கள் முதுகுக்குப் பின்னால்.

அன்று சாயங்காலம் அவன் செல்லபாயிடம் சொன்னபோது நானும் முற்றத்தில் நின்றேன். அவள் மரச்சீனிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"எலும்பு இருக்குமா தம்பி?"

"தெரியாது மைனி. ஆனா கை அவிய கை."

"எலும்பு இருந்தாலும் போதும். கொண்டு வா. மண்ணுல வச்சிட்டு நான் ஒரு மூச்சு அழுது தீத்துக்கிடுவேன்." உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "இப்ப எனக்கு அழவும் வழியில்ல பாத்தியா."

மறுநாள் காலையில் பனந்தடிப் பாலத்தில் போகும்போது நான் அவன் தோளைப் பிடித்தேன்.

"மேஸ்திரி, தொறக்காண்டாம்."

"ஏன்?"

"ஒங்க அண்ணன் விவரம் தெரிஞ்ச ஆளு. வேணும்னுதான உள்ள நின்னு அடச்சான். ஏதோ ஒண்ணு வெளிய வந்திரப்பிடாதுன்னு அடச்சிருக்கான்."

"அப்படின்னா அண்ணன் ஆறு வருசமா அதுகூட உள்ள கெடக்கான்," என்றான் ரசலையன்.

ஒட்டின் கோட்டிலேயே அறுத்தான். சுற்றிலும் ஒரே இழுப்பு. கதவு உள்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. கப்பல் முழுக்க அதிர்ந்தது. அதே நொடியில் என் விளக்கு அணைந்தது.

இருட்டில் நான் நடைபாதையில் சுவரோடு ஒட்டி நின்றேன். இரண்டு பேர் உரசாமல் போக முடியாத குறுகல் அது. யாரோ என்னைத் தாண்டிப் போனார்கள். அவசரம் இல்லை. துணி இல்லாத ஓர் உடம்பின் சூடு என் வயிற்றை உரசிக்கொண்டு போனது.

"மேஸ்திரி, நீயா?"

"நான் இங்க இருக்கேன்," என்றான் ரசலையன், கதவுக்குள்ளிருந்து. "விளக்கைக் கொளுத்து."

விளக்கைக் கொளுத்தினேன். உள்ளே ஒரு காலி ஆக்சிஜன் சிலிண்டர், ஒரு கார்பைடு டிரம், ஒரு குழல், ஒரு கறுப்புக் கண்ணாடி. கதவுச் சட்டத்தின் பக்கத்தில் சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்த நிலையில் சத்தியநேசனின் எலும்பு. இரண்டு காலையும் நீட்டி, முகம் எதிர்மூலையைப் பார்த்திருந்தது. நாங்களும் அந்த மூலையைப் பார்த்தோம்.

அறை முழுக்கத் துரு. தரையில் விரல் கனத்துக்குச் செம்பழுப்புப் பொருக்கு. எதிர்மூலையில் மட்டும், ஓர் ஆள் சம்மணமிட்டு உட்காரும் அளவுக்கு, இரும்பு பளபளவென்று இருந்தது. நெடுநாள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடம்.

அங்கே யாரும் இல்லை.

எலும்பைப் புது ஓலைப்பாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உபதேசியார் ஆபேல் ஜெபம் பண்ணி, கல்லறைத் தோட்டத்தில் அடக்கினார். செல்லபாய் அன்று வாய்விட்டு அழுதாள். ஊர்ப் பெண்கள் பலநாளைக்குப் பிறகு அவள் கையைப் பிடித்தார்கள். ரசலையன் முகத்திலும் ஒரு தெளிச்சம் இருந்தது. நடைபாதையில் என்னை உரசிப் போனதைப்பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

பங்குனி பிறந்தது. மத்தியான நேரம், இரும்பு பிடிக்கும் சாவணம் ஒன்றை எடுக்க நான் ரசலையன் வீட்டுக்குப் போனேன். அவன் வேலையிடத்தில் இருந்தான். அடுக்களைக்குள் செல்லபாய் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.

"மீன் போதுமா?"

"மீன் போதுமா?" என்றது ஓர் ஆண் குரல்.

"இன்னைக்கு உப்பு கூடிப் போச்சு."

"இன்னைக்கு உப்பு கூடிப் போச்சு."

அவள் சிரித்தாள்.

நான் வாசலில் நிழல் விழாமல் நின்று பார்த்தேன். அவள் பலகையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே இன்னொரு பலகை, அதன் முன்னால் ஒரு தட்டில் சோறு. பலகை காலி. அவள் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். சத்தியநேசனின் குரல் அந்தக் காலிப் பலகையிலிருந்து வந்தது.

நான் ஓடிப்போய் ரசலையனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவன் கொஞ்சநேரம் வெளியே நின்று கேட்டான். பிறகு உள்ளே போனான். குரல் நின்றுவிட்டது.

"மைனி, அண்ணனை நாம பொதச்சாச்சு."

"தெரியும்."

"இது அண்ணன் இல்ல."

"எனக்குத் தெரியாதா தம்பி? அவிய இடதுகையால சாப்பிடுவாவ. இது சாப்பிடவே இல்ல." தட்டைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆனா நான் ஒண்ணு சொன்னா அது ஒண்ணு சொல்லுது இல்லியா. இத்தன வருசம் இந்த அடுக்களைல நான் சொன்னதுக்கு யாரு பதில் சொன்னா? நீ பாவம், வேலை கழிஞ்சு வந்து படுத்துருவ."

ரசலையன் தரையைப் பார்த்தான்.

"அது ஒங்களைத் தின்னுரும் மைனி."

"தின்னட்டு," என்றாள்.

அவள் வற்றிக்கொண்டே போனாள். ரசலையன் அவளை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். காய்ச்சல் இல்லை, சளி இல்லை என்று சொல்லி, தெம்புக்கு மருந்து கொடுத்தார்கள். அடுக்களையில் இரண்டாவது பலகையை ரசலையன் எடுத்துப்போய் அடுப்பில் வைத்தான். பலகை இருந்த இடத்தில் சாணித்தரை வழவழவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. உபதேசியார் வந்து வேதம் வாசித்தார். அவர் வாசிக்க வாசிக்க, ஒரு வார்த்தை பிந்தி, அடுக்களையிலிருந்து சத்தியநேசன் குரல் அதையே வாசித்தது. அவர் வேதத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை.

சித்திரைக் கடைசியில் ஒரு காலை, அவள் அடுக்களைச் சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். உயிர் இல்லை. முகம் எதிர்மூலையைப் பார்த்திருந்தது.

புருஷன் பக்கத்திலேயே அவளையும் வைத்தோம்.

அதோடு போகும் என்று நான் நினைத்தேன். ரசலையனும் நினைத்திருப்பான். அந்த வாரம் பக்கத்து வீட்டுத் தேவகனி அவனைத் தேடி வந்தாள். மகனும் மருமகளும் மலைத்தோட்டத்து வேலைக்குப் போய்விட, தனியாக இருக்கிற மனுஷி. அவள் முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது.

"மக்கா, தப்பா நெனைக்காத. செல்லபாய் எங்க அடுக்களைக்கு வாறா."

"பாத்தியளா பெரியம்மா?"

"பாக்கல்ல. பேசுவா. நான் சொல்லுததயே திருப்பிச் சொல்லுவா. எனக்கும் நேரம் போவுது," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேசினா குத்தமா மக்கா?" என்று கேட்டாள்.

அவள் போன பிறகு ரசலையன் வெகுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் செஞ்சதுதான் வழி," என்றான்.

"வெளிய நின்னு அடச்சா போதாதா மேஸ்திரி?"

"ஆளு இல்லாத எடத்துல அது நிக்காது. அதுக்கு எதிர்த்தாப்புல ஒரு ஆளு இருக்கணும். எலும்பானாலும் போதும். நாம கதவைத் தொறந்து எலும்பையும் எடுத்தோம், அது வந்துட்டு. நான் தொறந்துவிட்டதை நானே அடைக்கணும்."

"நான் விடமாட்டேன்."

"நீ வராட்டா நானே சிலிண்டரை உருட்டிட்டுப் போவேன்," என்றான். அதில் கோபம் இல்லை. அடுத்த வேலையைப்பற்றிச் சொல்வது போலவே சொன்னான்.

வைகாசி நடுவில், கடல் கறுக்கத் தொடங்கியிருந்த ஒரு காலையில் போனோம். முதலாளியின் ஆட்கள் அந்த வருஷத்து வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கரையில் யாரும் இல்லை. பனந்தடிப் பாலத்துக்கு அடியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. ரசலையன் முன்னால் போனான். கிளம்பும்போது தேவகனியின் அடுக்களை வாசலில் நின்றே அவன் பேச ஆரம்பித்திருந்தான். "மைனி, வாங்க. பைய வாங்க. இந்தப் பக்கம்."

"இந்தப் பக்கம்," என்றது எங்களுக்குப் பின்னால், செல்லபாயின் குரலில்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வழிநெடுக நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சிலிண்டரையும் டிரம்மையும் அறைக்குள் இறக்கினோம். அவன் டிரம்மில் கல் போட்டுத் தண்ணீர் விட்டான். என் வேலையை அன்று அவனே செய்தான்.

"கேளு, ஞானதாசா. அடச்ச பிறகு அது ஒன் சத்தத்துல என்னைக் கூப்பிடும், தொறன்னு சொல்லும். அதனால நீயே கூப்பிட்டாலும் நான் தொறக்க மாட்டேன். மனசுல வச்சுக்க."

"மேஸ்திரி..."

"போ. வெளிய நில்லு."

அவன் உள்ளே நின்று, "மைனி, உள்ள வாங்க," என்றான்.

"மைனி, உள்ள வாங்க."

குரல் அறைக்குள்ளிருந்துதான் வந்தது. எதிர்மூலையிலிருந்து. நான் சத்தியம் செய்வேன். அவனும் அதைக் கேட்டுத்தான் தலையை அசைத்தான். பிறகு விழுந்து கிடந்த கதவைத் தூக்கி, உள்ளிருந்து சட்டத்தில் பொருத்தினான்.

நாலு மூலையிலும் முதலில் ஒவ்வொரு பொட்டு வைத்தான், கதவு நகராமல் இருக்க. பிறகு கீழ்மூலையிலிருந்து தொடங்கினான். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். இடுக்கு முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. ஒரு சொட்டு பிதுங்கி வந்து என் பக்கத்தில் நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஒரே சீராக, ஒன்றுகூடக் குறையாமல், அந்தச் சிவப்பு வரி மேலே ஏறி, திரும்பி, மறுபக்கம் இறங்கியது. முன்பு போட்ட துளையையும் ஒரு தகட்டுத் துண்டு வைத்து மூடினான். அவன் போட்ட ஒட்டுகளிலேயே நல்ல ஒட்டு அதுதான். நான் அழுதுகொண்டே அதைப் பார்த்தேன்.

கடைசிச் சொட்டு சிவந்து, மங்கி, கறுத்தது.

"ஞானதாசா, போயிரு," என்றான் உள்ளேயிருந்து. தகட்டுக்கப்பால் குரல் சின்னதாகக் கேட்டது.

"ஞானதாசா, போயிரு."

இது செல்லபாய் குரல். உள்ளேயிருந்து இல்லை.

என் காதுக்குப் பக்கத்திலிருந்து.

நான் கதவில் இரண்டு கையாலும் அடித்தேன். ஒட்டின் சூட்டில் உள்ளங்கை வெந்தது தெரியவில்லை.

"மேஸ்திரி, அது இங்க நிக்கு. வெளிய நிக்கு. தொற."

"மேஸ்திரி, அது இங்க நிக்கு. வெளிய நிக்கு. தொற," என்றாள் அவள், என் கூடவே, கதவை நோக்கி.

உள்ளே குழலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ரசலையன் சொன்னான்: "ஒன் சத்தத்துலயும் கூப்பிடும்னு தெரியும். நான் தொறக்கல்ல." அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எதிர்மூலையைப் பார்த்துப் பேசினான் போலிருக்கிறது. "இனி எங்கயும் போவாண்டாம். இங்கயே இரு."

"இங்கயே இரு," என்றது என் பக்கத்தில்.

எங்களிடம் இருந்த ஒரே குழல் அவனோடு உள்ளே. நான் கடற்கரை வழியாக ஓடி, குளச்சலில் ஓர் இரும்புக் கொல்லனையும் இரண்டு கூலியாட்களையும் கெஞ்சிக் கூட்டி வந்தேன். உளி மழுங்கியது. சுத்தியல் காம்பு முறிந்தது. அந்த ஒட்டில் ஒரு கீறல் விழவில்லை. நாங்கள் அடிக்க அடிக்க, உள்ளிருந்து முதலில் ஒரு ஜெபம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. கடல் ஏறி இடுப்புவரை வந்ததும் கொல்லன் என்னை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தான்.

மறுநாள் விடிந்ததும் நான் தனியாகப் போனேன். தண்ணீர் வற்றியிருந்தது. கதவின் முன்னால் நின்று, "மேஸ்திரி," என்று கூப்பிட்டேன்.

"மேஸ்திரி."

என் தோளுக்குப் பின்னால். அது இப்போது செல்லபாய் குரல் இல்லை.

ரசலையன் குரல்.

அதைக் கேட்டபோதுதான் அவன் செத்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

மழை அந்த வாரமே பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் பனந்தடிப் பாலம் போனது. ஆனி மாதத்து அலை கப்பலைப் பாறையிலிருந்து எடுத்து ஆழத்துக்குக் கொண்டுபோனது. கரையில் அதன் துண்டுகூட ஒதுங்கவில்லை.

உடம்பு இல்லாமல் அடக்க ஆராதனை வேண்டும் என்று நான் போய் நின்றபோது உபதேசியார் மறுக்கவில்லை. அண்ணனும் மைனியும் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில், மழை கொஞ்சம் விட்ட ஒரு பகலில், பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். தேவகனியும் வந்திருந்தாள். மிகவும் மெலிந்திருந்தாள். உபதேசியார் ஆபேல் சுருக்கமாக ஜெபம் பண்ணினார். அவர் முடித்ததும் எல்லாரும் ஆமென் சொன்னோம்.

குனிந்த தலைகள் நிமிர்வதற்குமுன், கூட்டத்துக்கு நடுவிலிருந்து, கொஞ்சம் பிந்தி, ரசலையன் ஆமென் சொன்னான்.